கடப்பாரையிலிருந்து எண்ணுகிறவன்

"மூணாவது கடைங்கிறீங்க. எதுலேர்ந்து மூணாவது?"

கேட்டது கிபாயத்துல்லா. அவனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு வாங்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் இலுப்பூர்க் கடைவீதியில் வெற்றிலைக் கடைக்காரரிடம் வழி விசாரித்தார். கடைக்காரர் சுண்ணாம்பு விரலை நீட்டி, "இங்கிட்டுப் போனா மூணாவது கடை" என்றார். நடந்தது அவ்வளவுதான். எதிர்ச்சாரியில் போய்க்கொண்டிருந்த கிபாயத்துல்லா தெருவைக் கடந்து வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டான்.

"இங்கேருந்துதான் தம்பி."

"நீங்க உக்காந்திருக்கிற இங்கேருந்தா, அவரு நிக்கிற இங்கேருந்தா? ஒங்க கடையைச் சேத்து எண்ணுறதா, விட்டுட்டு எண்ணுறதா?"

வெற்றிலைக் கடைக்காரர் யோசனையில் விழுந்தார். ஊருக்கே வழி சொல்லிப் பழகிய மனிதர், தன் கடை எந்தக் கணக்கில் வருகிறது என்று அன்றுதான் முதல் தடவையாகக் கவலைப்பட்டார். அவர் ஒரு முடிவுக்கு வருவதற்குள் வெளியூர்க்காரர் கயிற்றை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அதே வழியாகத் திரும்பிப் போய்விட்டார்.

கிபாயத்துல்லா உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. டெரிலின் சட்டை, மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய கடிகாரம், குதிகால் பக்கம் மட்டும் காகிதமாகத் தேய்ந்த செருப்பு. டீயை நின்றபடி குடிப்பான். கிளாஸை வைத்துவிட்டு நாலு கடை தள்ளிப் போவான். திரும்பி வந்து அதை விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துவிட்டு மறுபடி போவான். வீட்டுச் சாப்பாடும் பாதி நடையில்தான். "ஒரு வாய் தின்னுட்டுக் கொல்லைக்குப் போறான், ஒரு வாய் தின்னுட்டு வாசலுக்குப் போறான். அந்தச் சோறு வயித்துல எங்கிட்டுத்தான் போய் நிக்கும்?" என்பது அவனைப் பெற்ற ஜொஹரா பீவியின் நிரந்தர விசாரம்.

வேலை பம்பாயில். அங்கே ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் கம்ப்யூட்டர் என்று ஒரு கணக்குப் போடும் எந்திரம் இருக்கிறது. ஒரு வீட்டை அடைக்கிற அளவு. அதற்கு வெயில் ஆகாது என்று எந்நேரமும் குளிர்காற்று விட்டுக்கொண்டிருப்பார்களாம். எந்திரம் சௌக்கியமாக இருக்கும், அதைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சளி பிடித்திருக்கும். இதுவரை இலுப்பூர் ஏற்றுக்கொண்டது. விடுப்பில் வந்திருக்கும் கிபாயத்துல்லாவுக்கு, கடைக்கார ஜைனுதீனின் மகனுக்கு, அந்த எந்திரத்தில் என்ன வேலை என்பதில்தான் தகராறு.

"நான் கணக்குப் போடறதில்லைங்க. மத்தவங்க எழுதுன கணக்கை எந்திரத்துக்குள்ள எறக்கி வைக்கிறது என் வேலை."

"எறக்கி வைக்கிறதுக்குமா எம்.எஸ்ஸி. படிக்கணும்?"

இந்த இடத்தில் அவனுக்கு உற்சாகம் வந்துவிடும். டீக்கடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க ஆரம்பிப்பான். கேட்கிறவர்களின் தலைகள் கூடவே போய்வரும்.

"எந்திரத்துக்குள்ள வரிசையா பொட்டி இருக்கு. பொட்டிக்குப் பொட்டி நம்பரு. ஒருத்தரு கணக்கு எழுதுறாரு, 'இருபதாம் பொட்டியில இருக்கிறதை எடு'ங்கிறாரு. தனக்கு மொதப் பொட்டியிலேர்ந்தே எடம் கெடைக்கும்னு அவரு நெனப்பு. வந்து பாத்தா முன்னாடியே இன்னொருத்தன் குடியிருக்கான். இவரைத் தூக்கி ஐயாயிரத்துல வைக்கிறோம். அப்ப அவரு இருபதுன்னு எழுதுன எடமெல்லாம் ஐயாயிரத்து இருபதுன்னு மாறணுமா இல்லையா?"

"மாறணும்."

"இதுல பொதுச் சரக்கு வேற இருக்கு. வர்க்கமூலம் கண்டுபிடிக்கிற வழியை ஒருத்தரு ஒரு தடவை எழுதி வச்சிருவாரு. எல்லாருக்கும் அதுதான். நம்ம ஜமாஅத்துத் தேக்சா மாதிரி. வீட்டுக்கு வீடு அம்மாம் பெரிய அண்டாவை வாங்கி வைக்கிறோமா? பள்ளிவாசல்ல கெடக்கு, கல்யாணம்னா எடுத்துக்கிறோம். ஆனா இன்னிக்கி அது எந்தக் கொல்லையில, எந்த மூலையில எறங்கும்னு யாருக்குத் தெரியும்? அதனால கணக்கு எழுதுறவரு பேரை மட்டும் எழுதி வச்சிருவாரு. அந்தப் பேருக்காரன் இன்னிக்கி எந்தப் பொட்டியில எறங்கியிருக்கான்னு பாத்து, பேரு வந்த எடத்துலயெல்லாம் நம்பரை நெரப்பணும்."

"அதை நீ நெரப்புவே."

"எந்திரமே நெரப்பிக்கும். எப்படி நெரப்பணும்னு அதுக்கு எழுதிக் குடுக்கிறது நான்."

டீ மாஸ்டர் பாலை ஆற்றியபடி தீர்ப்புச் சொல்வார்: "அப்ப தபாலாபீஸ்னு சொல்லு. அதுக்கு எதுக்கு இம்புட்டு நடை?"

சிரிப்பு டீக்கடையோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பெண் கொடுக்கிறவர்களும் இதே கேள்வியைக் கேட்டார்கள். அன்னவாசல் பக்கத்தில் ஒரு வீட்டார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாப்பிள்ளை பம்பாயில் வாடகைக்கு வீடு பிடித்துத் தருகிற தரகர் என்று முடிவுகட்டினார்கள். கீரனூரில் இன்னும் கூர்மையானவர்கள். "எந்திரமே நெரப்பிக்கும்னா மாப்ள எதுக்கு?" என்றார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது என்று கிபாயத்துல்லா அந்தச் சபையிலேயே ஒப்புக்கொண்டது சம்பந்தத்துக்கு உதவவில்லை.

மூன்றாவதாக வந்தது அரிமளம். கடலை மண்டி பக்கீர் முகமதுவின் மகள் சம்சுன் நிஹார். எஸ்.எஸ்.எல்.சி. படித்த பெண். ஜொஹரா பீவி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பொண்ணு லட்சணம்தான். கொஞ்சம் வாயி" என்றாள்.

"என்ன கேட்டுச்சு?"

"'எந்திரம் அவங்க சொல்றதைக் கேக்குதா, அவங்க எந்திரம் சொல்றதைக் கேக்குறாங்களா'ன்னு எங்கிட்டக் கேக்குதுடா. நான் என்னத்தைக் கண்டேன்?"

கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு, அசையாமல், ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் கிபாயத்துல்லா நின்றான். வீட்டில் இருந்தவர்களுக்குப் பயமாகப் போய்விட்டது.

"ம்மா, இந்தப் பொண்ணுதான்."

பெண்ணுக்கும் சம்மதம். பக்கீர் முகமதுவுக்குத்தான் மனது ஓடவில்லை. "பம்பாயில மருமகன் என்ன செய்யிறாருன்னு மண்டியில நாலு பேரு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? ஒங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வாரேன். மாப்ளகிட்ட நேர்ல பேசிட்டு, ஆகும் ஆகாதுன்னு அன்னைக்கே சொல்லிர்றேன்" என்று ஜைனுதீனிடம் சொல்லி அனுப்பிவிட்டார். கல்யாணம், ஜைனுதீனின் தம்பி மகனுக்கு. அது முடிந்த மறுநாள் கிபாயத்துல்லா பம்பாய்க்கு ரயில் ஏற வேண்டும். ஆக, அந்த ஒரு பகல்தான்.

பேசிப் புரியவைத்து இரண்டு சம்பந்தங்களைத் தொலைத்தாயிற்று. இந்தத் தடவை காட்டிவிடுவது என்று தீர்மானித்தான். முதலில் அத்தா ஜைனுதீனோடு புதுக்கோட்டையில் பஸ் மாறி அரிமளத்துக்குப் போய் நேரில் அழைத்தான். "மாமு, முன்வாசலைப் பந்தல் அடைச்சிருக்கும். நீங்க கூட்டத்துல நெரிபட வேணாம். கார் பின்தெரு வழியா வரட்டும். கொல்லையில புளியமரத்தடியில ஒரு சாய்ப்புக் கொட்டகை இருக்கு. ஜமுக்காளம் விரிச்சு வைக்கிறேன். அங்க உக்காருங்க, சஹனோட நானே வாரேன். ஒண்ணாச் சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம்." சஹன் என்பது நாலு பேர் சுற்றி உட்கார்ந்து உண்கிற பெரிய தட்டு. தனியாக ஒரு சஹன் என்பது சம்பந்திக்குரிய மரியாதை. பக்கீர் முகமது தாடியைத் தடவிக்கொண்டு, "சரி தம்பி" என்றார்.

பிறகு ஊர் திரும்பி, பந்தியின் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டான்.

காதர் மஸ்தான் பண்டாரி அந்த வட்டாரத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் நெய்ச்சோறு ஆக்குகிறவர். எந்த வீட்டுக்குப் போனாலும் இடுப்பில் கைவைத்துக் கொல்லையை ஒரு சுற்றுப் பார்ப்பார்; "அதை அங்கிட்டு வை, இதை இங்கிட்டு வை" என்பார்; ஆட்கள் வைப்பார்கள். கிபாயத்துல்லாவுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் ஆகாது. கொல்லையின் நடுவில் ஒரு கடப்பாரையை நட்டான்.

"அண்ணே, இனிமே எல்லாம் இதுலேர்ந்துதான். நெய்ச்சோத்துத் தேக்சா கடப்பாரைக்குக் கெழக்கே ரெண்டு பாகம், ரெண்டு கையையும் விரிச்சு அளந்துக்கங்க. கறி ஆணம் அதை ஒட்டித் தெக்கே. கை கழுவுற தண்ணி வடக்கே அஞ்சு பாகம். பந்தியோட மொத வரிசை மேக்கே மூணு பாகம் தள்ளி. ஒவ்வொரு ஆளுக்கும் அவனவன் எடம் கடப்பாரையிலேர்ந்து மனப்பாடமா இருக்கணும். கெணத்தடின்னோ மரத்தடின்னோ ஒருத்தரும் சொல்லக்கூடாது."

"கெணத்தைக் கெணறுன்னு சொல்லாம என்னன்னு சொல்றது தம்பி?"

"கெணறு நகருமா?"

"நகராது."

"அதான் சொல்லக்கூடாதுங்கிறேன்."

பண்டாரி வானத்தைப் பார்த்தார். பரிமாறுகிற ஆட்களுக்கு வேடிக்கையாக இருந்தது. இரண்டு நாளில் தெரு முழுவதும் அவனுக்குக் கடப்பாரை மாப்பிள்ளை என்று பேராகிவிட்டது. ஜைனுதீன் மட்டும் கடையிலிருந்தபடி, "பொண்ணு கேக்குற எடத்துல கடப்பாரையா நடுறது? என்னடா குடும்பம் இது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கல்யாணத்தன்று காலை வெயில் நன்றாகத்தான் அடித்தது. நிக்காஹ் முடிந்து, நெய்ச்சோறு தம் இறங்கி, தேக்சாவின் மூடியைத் திறக்கப் போகிற சமயத்தில் ஐப்பசி தன் வேலையைக் காட்டியது. மேற்கே கறுத்தது, முகூர்த்தம் பார்க்காமல் கொட்ட ஆரம்பித்தது. பந்தலின் கீற்று ஒழுகியது. "எதிர்த்த வீட்டு உப்புக் கிட்டங்கி காலியா கெடக்கு, தூக்குங்கடா" என்று யாரோ கத்தினார்கள். மற்றக் கல்யாணமாக இருந்தால் அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு எல்லோரும் எல்லோரையும் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

கிபாயத்துல்லா கடப்பாரையைப் பிடுங்கினான். தெருவைக் கடந்தான். உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் சிமெண்டுத் தரை, நட முடியாது; மூலையில் கிடந்த ஒரு தவிட்டு மூட்டையை நடுவில் இழுத்துப் போட்டு, அதற்குள் செருகினான். அவ்வளவுதான். தேக்சா தூக்கி வந்தவர்கள் கடப்பாரையைப் பார்த்தார்கள், கிழக்கே இரண்டு பாகம் போய் இறக்கினார்கள். கறிக்குழம்பு தெற்கே இறங்கியது. தண்ணீர் தவலைகள் வடக்கே போயின. ஜமுக்காளம் மேற்கே விரிந்தது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நனைந்த விருந்தாளிகள் தலையைத் துவட்டி முடிப்பதற்குள் முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது. ஒரே ஒரு பரிமாறுகிறவருக்குத்தான் சந்தேகம்.

"தம்பி, கடப்பாரைதான் நகந்துருச்சே, சஹனுக்கு நாலு பேருதானா, கூடக் கொறைய எதுவும் ஆகுமா?"

"அது எண்ணிக்கைண்ணே. எடந்தான் நகரும், எண்ணிக்கை நகராது!"

இதைச் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த பிரகாசத்தைப் பார்த்தவர்கள், மாப்பிள்ளை இவன்தானோ என்று ஒரு கணம் குழம்பினார்கள். காதர் மஸ்தான் பண்டாரி அகப்பையும் கையுமாக வந்து, "தம்பி, கடப்பாரையை எனக்குக் குடுத்துட்டுப் போ" என்றார். கிபாயத்துல்லா மூட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஓர் ஆட்டம் கெட்டிக்காரத்தனமாகப் போய்க்கொண்டிருக்கும்போது அதை விட்டு நகர யாருக்கு மனது வரும்? அரிமளத்தார் இந்நேரம் வந்திருப்பார், இந்தக் கூட்டத்தில் எங்கோ உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தான். அந்த நினைப்பே அவனை இன்னும் வேகமாகச் சுற்றவைத்தது.

மூன்றாவது பந்தி உட்காரும்போது ஜைனுதீன் வந்து காதோரம் கேட்டார். "அரிமளத்தாரு சாப்பிட்டுட்டாரா?"

"இங்கதான் இருப்பாரு அத்தா."

"நான் பாக்கலையேடா. அவரு வீட்டம்மா பின்வாசலா வந்து பொம்பளைகளோட சாப்பிட்டாச்சாம். இவரை எங்க உக்காரச் சொன்னே?"

கிபாயத்துல்லாவின் கால் நின்றது. புளியமரம். கிட்டங்கியில் புளியமரம் கிடையாது.

ஒரு சஹனில் சோற்றை வாரிப் போட்டுக் கறியை ஊற்றி, வாழையிலையால் மூடி, மழைக்குள் ஓடினான். வீட்டைச் சுற்றிக் கொல்லைக்குப் போனான். சாய்ப்பின் கூரை ஒரு பக்கம் ஒழுகிக்கொண்டிருந்தது. நனைந்த பாதி ஜமுக்காளத்தை மடித்துவிட்டு, காய்ந்த பாதியில், நீள மடித்த துண்டைத் தோளில் போட்டபடி, பக்கீர் முகமது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சம்பந்தியாக வந்த இடத்தில் எழுந்து போய்ச் சாப்பாடு எங்கே என்று தேடுகிற மனிதர் அல்ல அவர்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமு."

"வ அலைக்கும் ஸலாம். பந்தி முடிஞ்சுருச்சா தம்பி?"

"மூணாவது நடக்குது மாமு."

"ஆமா, சத்தம் கேட்டுச்சு."

"கிட்டங்கிக்கு மாத்திட்டோம் மாமு. நீங்க அங்கிட்டு..."

"நீங்க இங்கிட்டுத்தானே உக்காரச் சொன்னீங்க."

கிபாயத்துல்லா சஹனை அவர் முன்னால் வைத்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"மாமு, இதுதான்."

"எது?"

"என் வேலை. இம்புட்டு நாளா ஒருத்தருக்கும் சொல்லத் தெரியலை. இதுதான் மாமு. எடம் மாறும்போது கூடச் சேந்து எதெது மாறணும்னு முன்னாடியே குறிச்சிருக்கணும். தேக்சாவைக் குறிச்சேன். தண்ணியைக் குறிச்சேன். செருப்பு விடுற எடத்தைக் கூடக் குறிச்சேன். அரிமளத்துல ஒங்ககிட்டச் சொன்னதை மட்டும் குறிக்க விட்டுட்டேன். அது பழைய எடத்தையே காட்டிக்கிட்டு நிக்குது. எந்திரத்துலயும் இப்படித்தான். விட்டுப்போனது சத்தம் போடாது மாமு. மத்ததெல்லாம் ஜோரா ஓடும். பாக்குறவனுக்கு ஒண்ணும் தெரியாது."

பக்கீர் முகமது இலையை விலக்கினார். சோற்றிலிருந்து ஆவி வந்தது. கை வைக்கவில்லை.

"ரெண்டு மூணு பேரை விட்டு விசாரிச்சேன் தம்பி. ஆளுக்கு ஒண்ணு சொன்னாக. இப்ப நல்லாப் புரிஞ்சுருச்சு. அங்க இப்படி அடிக்கடி ஆகுமா?"

"ஆகும் மாமு. ஆகாதுன்னா பொய்."

"எம் மகளும் சத்தம் போடாது. கேள்வி கேக்கும், வாயாடும். ஆனா தனக்கு ஒண்ணு வேணும்னு வாயைத் தொறக்காது. உக்காருன்னு சொன்ன எடத்துல உக்காந்திருக்கும், என்னைய மாதிரி. ஒங்களுக்கோ கால் ஒரு எடத்துல நிக்கலை. பம்பாயில எதெதையோ மாத்திக்கிட்டே இருப்பீங்க. அவளைக் குறிக்க விட்டுட்டீங்கன்னா?"

தெரியாத பேர் வந்தால் பம்பாய் எந்திரம் வேலையை நிறுத்திவிடுமாம். கிபாயத்துல்லா அப்படி நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நடக்க வேண்டும் போலிருந்தது; சாய்ப்பில் நடக்க இடமில்லை.

"உக்காருங்க. ஆறுது" என்றார் பக்கீர் முகமது.

எதிரே உட்கார்ந்தான். பெரியவர் பிஸ்மி சொல்லிச் சோற்றைப் பிரித்தார். இருந்ததில் பெரிய கறித்துண்டைப் பிய்த்து, அதில் பாதியை விரலால் அவன் பக்கம் தள்ளினார். கிபாயத்துல்லா அதை எடுத்தான். வாய்க்குக் கொண்டு போனவன் பாதியில் நிறுத்தினான்.

"மாமு, கார் யாரு ஓட்டிட்டு வந்தது?"

"பிச்சைமுத்து. எங்க ஊரு வாடகைக் கார்க்காரரு."

"அவரு எங்க?"

பக்கீர் முகமது பின்தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மழைக்குள் காரின் கூரை மட்டும் தெரிந்தது. கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து வெளுத்திருந்தது.

"கார்லதான் இருப்பாரு" என்றார். "சாப்பிட வரச் சொல்லி நான் ஒண்ணும் சொல்லலை தம்பி."

"நானும் சொல்லலை மாமு."

கறித்துண்டைச் சஹனில் போட்டுவிட்டுக் கிபாயத்துல்லா எழுந்தான். கையைக் கூடக் கழுவவில்லை. ஒரு செருப்பு சாய்ப்பிலேயே கிடக்க, சேற்றை வாரியிறைத்துக்கொண்டு பின்தெருவுக்கு ஓடினான். சம்பந்தியாக வந்த மனிதர் மறுபடியும் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்பது அவன் மனதில் இருந்ததாகத் தெரியவில்லை. "பிச்சைமுத்தண்ணே! அண்ணே!" என்று கார்க் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

பக்கீர் முகமது அந்தப் பக்கமே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பங்கை அவரும் வாயில் வைக்கவில்லை. கீழே கிடந்த வாழையிலையை எடுத்து, மழைத் தண்ணீரை உதறி, சஹனில் அவன் பக்கத்துச் சோற்றை மூடி வைத்தார்.